நாய்க்கு உலர் உணவு: விலை கூடிய பையா, சூப்பர் மார்க்கெட் பையா? நெல்லைச் சீமை நாய் வளர்ப்போரின் கேள்விகள்

பாளையங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர் என்று இந்தப் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் நாய் உணவு விற்பவனும் அல்ல, கால்நடை மருத்துவனும் அல்ல. பல காலமாக நாய் வளர்க்கிறேன். பையின் பின்பக்கத்தைப் படிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை என்று நோய் கண்ட நாய்க்கு மருத்துவர் சொல்வதுதான் முடிவு. இங்கே சொல்வதெல்லாம் நல்ல நிலையில் இருக்கும் நாய்களுக்கு.

விலை கூடிய உணவு வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. வளர்ந்த, நோயில்லாத நாய்க்குச் சாதாரணப் பை போதும். அது முழு உணவாக இருக்க வேண்டும், முத்திரை உடையாமல் இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. நம் வீட்டு நாய்களைக் கெடுப்பவை வேறு மூன்று: அளவில்லாமல் போடுவது, பாதிக்குப் பாதி சோறு கலப்பது, பிரித்த மூட்டையில் சில்லறையாக வாங்குவது. பையின் விலை நாலாவது இடத்தில்தான் வருகிறது. ஆனால் கடையில் முதலில் பேசப்படுவது அதுதான்.

கூடுதல் செலவுக்குப் பொருள் உள்ள இடங்களும் உண்டு. பெரிய இனக் குட்டி, சினை நாய், பாலூட்டும் நாய், தினமும் ஓட விடும் நாய், சாதாரண உணவில் மலம் இளகிக்கொண்டே இருக்கும் நாய் ஆகியவற்றை அதில் சேர்க்கலாம்.

‘பிரீமியம்’ என்று பையில் போட ஏதாவது தகுதி வேண்டுமா?

ஒன்றும் வேண்டாம். அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ வகுத்த அளவுகளைத்தான் பல நாட்டு நிறுவனங்கள் மேற்கோள் காட்டுகின்றன. அந்தச் சங்கத்திடமே பிரீமியம், சூப்பர் பிரீமியம் என்ற சொற்களுக்கு வரையறை கிடையாது. அச்சடிக்க மை இருந்தால் போதும்.

நம் ஊரில் எல்லாப் பையையும் பெடிகிரி என்றே கேட்டு வாங்குகிறோம். அந்தப் பெடிகிரியும், விலை கூடிய ராயல் கேனினும் மார்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன. அதற்காக இரண்டிலும் உள்ளே இருப்பது ஒன்று என்று சொல்ல முடியாது. கலவை வேறு, புரதமும் கொழுப்பும் வேறு. ஆனால் ‘அது கம்பெனிக்காரன் உணவு, இது கடை உணவு’ என்று பிரித்துப் பேசுவதில் பொருளில்லை.

விலை கூடினால் ஆபத்து குறையும் என்றும் எண்ண வேண்டாம். 2007-இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்து, வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அப்போது திரும்பப் பெறப்பட்டவற்றில் மலிவுப் பெயர்களும் இருந்தன, உயர்ந்த விலைப் பெயர்களும் இருந்தன. பலவற்றைத் தயாரித்துக் கொடுத்தது ஒரே ஒப்பந்த நிறுவனம்.

அப்படியானால் பையில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தில் இருக்கும் ஓநாய்ப் படத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் பாருங்கள். முதலில் ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்ற வாசகம். அந்த ஒரு உணவையே தின்று நாய் வாழலாம் என்று நிறுவனம் ஒப்புக்கொள்வது அதில்தான். ‘காம்ப்ளிமென்டரி’ என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான், சாப்பாடு ஆகாது. அந்த வாசகத்தோடு எந்த வயதுக்கு என்றும் இருக்கும்: குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, எல்லா வயதுக்குமா.

அடுத்து எண்கள். ஈரத்தைக் கழித்த கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதமும் 5.5 சதவீதம் கொழுப்பும் வேண்டும், குட்டிக்கு 22.5 சதவீதம் புரதம், 8.5 சதவீதம் கொழுப்பு. இவை ஆஃப்கோ அளவுகள். உலர் உணவில் பத்து சதவீதம் போல ஈரம் இருப்பதால், பையில் 20 சதவீதம் புரதம் என்று போட்டிருந்தால் ஈரம் கழித்து 22 ஆகிறது. மலிவான பைகளிலும் இந்த எல்லையைத் தாண்டியவை உண்டு.

பிறகு தயாரித்த தேதி. சிறிய ஊர்க் கடைகளில் விலை கூடிய பைகள் மெதுவாகத்தான் நகரும். அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து நிற்கும் பெரிய பெயரைவிட, வாரந்தோறும் இறங்கும் சாதாரணப் பை புதிதாக இருக்கும்.

பொருள் பட்டியலில் கோழிக்கறி முதலில் இருந்தால் நல்ல உணவுதானே?

பட்டியல் எடை வரிசையில் போகும். அந்த எடை ஆலையில் கலப்பதற்கு முன் உள்ள எடை. பச்சைக் கோழிக்கறியில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். உலர்ந்து உருண்டையாகும்போது அது பறந்துவிடும். நூறு கிலோ கறி போட்டால் முப்பது கிலோ அளவுக்குத்தான் மிஞ்சும். அடுத்து நிற்கும் அரிசி மாவு ஏற்கெனவே உலர்ந்தது. ‘சிக்கன் மீல்’ என்று வந்தால் முகம் சுளிக்கிறோம். அதுவோ நீர் நீக்கிய கோழிப் பொருள். எடைக்கு எடை புரதம் கூடுதல்.

இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள். மக்காச்சோளம், மக்காச்சோளக் குளூட்டன், மக்காச்சோளத் தவிடு என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கி, கறி மேலே ஏறிக்கொள்ளும். மூன்றையும் மனதுக்குள் கூட்டிப் பாருங்கள்.

“விலை கூடினாலும் கொஞ்சம்தான் போட வேண்டும், மாதக் கணக்கு ஒன்றுதான்” என்கிறார் கடை அண்ணாச்சி. உண்மையா?

பாதி உண்மை. கணக்குப் போட்டே பார்ப்போம்.

வீட்டோடு இருக்கும் 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கிலோ கலோரி வேண்டும். உலர் உணவில் ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 3.5, கொழுப்புக்கு 8.5 என்று கிலோ கலோரி கணக்கிடுவது வழக்கம். புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் (அதாவது தாதுக்கள்) 8 சதவீதம் என்று இருக்கும் சாதாரணப் பையில் மாவுச்சத்து 47 வரும். நூறு கிராமுக்கு 320 கிலோ கலோரி. புரதம் 26, கொழுப்பு 16, நார் 3, ஈரம் 10, சாம்பல் 7 என்று இருக்கும் விலை கூடிய பையில் நூறு கிராமுக்கு 360.

ஆக முதல் உணவில் 312 கிராம், இரண்டாவதில் 278 கிராம். மிச்சம் 34 கிராம். ஒன்று கிலோ 250 ரூபாய், இன்னொன்று 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் செலவு 78 ரூபாயும் 167 ரூபாயும். இரண்டும் சமமாக வேண்டுமென்றால் அந்த நாய் விலை கூடிய உணவில் 130 கிராமோடு எழுந்துபோக வேண்டும். எழுந்துபோகாது.

நல்ல உணவு கூடுதலாகச் செரிக்கும் என்பது சரிதான். அதை முற்றத்தில் பார்க்கலாம்: மலம் குறையும், கட்டியாக இருக்கும், அள்ளச் சுலபம். மாடி வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு அதுவே பெரிய நிம்மதி. செரிமானத்துக்காகப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் 150 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. சுத்தத்துக்காக வாங்குகிறேன் என்றால் வாங்குங்கள்; மிச்சமாகும் என்று நம்பி வாங்காதீர்கள்.

சோற்றில் நாலு பிடி நாய் உணவைக் கலந்து போடுகிறோம். தப்பா?

நெல்லைச் சீமையில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. பொன்னி அரிசிச் சோறு, கொஞ்சம் தயிர், மேலே உருண்டைகள். நாயும் சப்புக்கொட்டித் தின்கிறது. ஆனால் பையில் இருக்கும் விட்டமினும் தாதுவும் அந்தப் பையை மட்டுமே தின்னும் நாய்க்கு அளந்து போட்டவை. பாதி சோறானால் எல்லாம் பாதியாகிவிடும்.

20 சதவீதம் புரதமுள்ள உணவு 150 கிராமும், 150 கிராம் அரிசியை வடித்த சோறும் கலந்தால், ஈரம் கழித்த புரதம் 15 சதவீதம்தான். வேண்டிய 18-க்கு வரவில்லை. சுண்ணாம்புச் சத்து வளர்ந்த நாய்க்கு எல்லையைத் தொட்டு நிற்கும். குட்டிக்குப் பாதிகூடத் தேறாது.

இங்கேதான் விலை கூடிய பைக்கு ஒரு வேலை இருக்கிறது. சோற்றை நிறுத்தவே முடியாத வீட்டில் 26 சதவீதம் புரதமுள்ள உணவைக் கலந்தால் அதே கணக்கு 18-ஐத் தாண்டுகிறது. சுண்ணாம்பும் விட்டமினும் அப்போதும் பாதிதான் என்பதை மறக்க வேண்டாம். மேலே இரண்டு முட்டை உடைத்து ஊற்றினால் புரதம் ஏறும், சுண்ணாம்பு ஏறாது.

பாதுகாப்பான வழி: மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் வெளிப்பொருள். நம் 20 கிலோ நாய்க்கு அது ஒரு கைப்பிடிச் சோறு, அல்லது ஒரு முட்டையோடு கொஞ்சம் காய். ஆச்சி தன் கையால் ஒரு உருண்டை பிசைந்து ஊட்டுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

கிலோ கணக்கில் பிரித்த மூட்டையிலிருந்து வாங்கினால் மலிவாக இருக்கிறதே?

வாங்காதீர்கள். இந்தப் பக்கத்தில் எனக்குக் கோபம் வரும் ஒரே இடம் இதுதான்.

பெரிய மூட்டையின் வாயைச் சுருட்டிவிட்டு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குவளையைப் போட்டு, கோழித் தீவனத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அது எந்த நிறுவனத்து உணவு, எப்போது தயாரித்தது, எப்போது பிரித்தது என்று கேரிப் பையில் எழுதியிருக்காது. மூட்டை வெளியூர்ப் பெயரைத் தாங்கி நிற்கலாம். உள்ளே மறுபடி நிரப்பினார்களா என்று யாருக்குத் தெரியும்?

உருண்டைகளின் மேல் கொழுப்பு தெளித்திருக்கிறது. காற்றும் சூடும் பட்டால் அது சிக்கு வாடை அடிக்கும். கையில் நாலு உருண்டையை எடுத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள்: பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தது போல அடித்தால் கெட்டுவிட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆபத்து வேறு. மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது நாயின் கல்லீரலைத் தாக்கும். வேகவைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் அது போகாது. கண்ணுக்குப் பூஞ்சை தெரிய வேண்டும் என்பதும் இல்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இதே நஞ்சால் நாய்கள் செத்து, உலர் உணவுப் பைகள் திரும்பப் பெறப்பட்டன.

வீட்டுக்கு வந்த பையையும் பத்திரமாக வையுங்கள். உணவைத் தகர டின்னில் கொட்டாமல், பையோடு டின்னுக்குள் இறக்கி, வாயைக் கிளிப் போட்டு மூடுங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் கையிலேயே இருக்கும். பழைய எண்ணெய்ப் பிசுக்கும் புதுப் பையில் ஒட்டாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணிலும் கார் டிக்கியிலும் வைக்காதீர்கள். சின்ன நாய்க்குப் பதினைந்து கிலோ மூட்டை வாங்குவது மிச்சமில்லை; ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே சரி.

எவ்வளவு போட வேண்டும்?

பையில் அட்டவணை இருக்கும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்; வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கும் நாய்க்குப் பெரும்பாலும் அது கூடுதல்தான். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுவது நல்லது. உழக்கால்தான் அளப்பேன் என்றால் ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு எப்போதும் தலைதட்டி அளந்து போடுங்கள். காலையில் அப்பா கூம்பாகவும், மாலையில் பிள்ளைகள் இன்னும் கூம்பாகவும் போட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வைத்து நடந்த நீண்ட ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. ஒரே உணவுதான், ஒரு பாதிக்குக் கால் பங்கு குறைத்துக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்ற நாய்கள் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. எந்தப் பையை மாற்றினாலும் இப்படி ஒரு பலன் கிடைப்பதாக நான் படித்ததில்லை.

லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த இனத்தில் சுமார் நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவில் குறை இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். தட்டை நக்கிவிட்டு உங்களைப் பாவமாகப் பார்ப்பது பசியின் அளவுகோல் ஆகாது.

விலாவைத் தடவிப் பாருங்கள். முஷ்டியை மடக்கி முட்டிகளைத் தடவினால் எப்படியோ அப்படி இருந்தால் மெலிவு. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எப்படியோ அப்படி இருந்தால் சரி. உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் நாளைக்கே அளவைக் குறையுங்கள்.

எங்களிடம் இருப்பது சிப்பிப்பாறை. விலா தெரிகிறது என்று பார்ப்பவர்கள் எல்லாம் திட்டுகிறார்கள்.

திட்டுபவர்கள் லாப்ரடாரைப் பார்த்துப் பழகியவர்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரை பார்த்து விரட்டும் ஓட்ட நாய்கள். பின்பக்கம் இரண்டு மூன்று விலா தெரிவதும் வயிறு ஒட்டியிருப்பதும் அவற்றின் அமைப்பு. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் முள்ளாகத் துருத்தினால்தான் கவலை. உருண்டையாக்குகிறேன் என்று விலை கூடிய கொழுப்பு உணவைக் கொட்டிவிடாதீர்கள்.

தினமும் காட்டில் ஓட விட்டால் கொழுப்பு கூடிய உணவு உதவும்; நீண்ட ஓட்டத்துக்கு நாயின் தசை கொழுப்பைத்தான் எரிக்கிறது. மாடியில் கட்டிக்கிடக்கும் சிப்பிப்பாறைக்கு அது வேண்டாம். இனப்பெயர் அச்சிட்ட பைகளில் நம் நாட்டு நாயைத் தேடி அலையவும் வேண்டாம். வயதும் உடல் அளவும் பொருந்தினால் போதும். கூழ் குடித்து வளர்ந்த பரம்பரைதானே என்பார்கள். அந்த நாய்கள் முயலும் எலியும் தாமே பிடித்துத் தின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராஜபாளையம் குட்டி வாங்கியிருக்கிறோம். எந்த உணவு?

2005-இல் தபால்தலையில் ஏறிய இனம், உயரமாக வளரும். இங்கே செலவு செய்யுங்கள். பெரிய இனக் குட்டிக்கென்று இருக்கும் உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்தது 1.2, அதிகம் 1.8 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். குறைந்தால் எலும்பு வளையும். கூடினாலும் எலும்பும் மூட்டும் கோணும், ஏனென்றால் குட்டியின் குடலுக்கு வேண்டாததைத் தள்ளத் தெரியாது. ஆகவே நல்ல குட்டி உணவோடு கால்சியம் சிரப்பும் கொடுக்காதீர்கள். இரண்டையும் ஒரே கடையில் ஒரே பில்லில் விற்கிறார்கள் என்பது தனிக் கதை.

எங்கள் வீடு சைவம். என்ன செய்வது?

நாய் பூனையைப் போல இறைச்சியையே நம்பிப் பிழைக்கும் பிராணி அல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்கு அதிகப் பிரதிகளாக இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். முழு உணவு என்று போட்ட சைவ உலர் உணவில் வளர்ந்த நாய் நன்றாகவே இருக்கும். பருப்புச் சாதமும் தயிர்ச் சாதமும் மட்டும் போட்டு வளர்ப்பதுதான் கூடாது. அசைவப் பையை வீட்டுக்குள் வைப்பதுதான் சங்கடம் என்றால், அதை மூடியபடி பின்வாசலில் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

தானியம் இல்லாத உணவு உயர்ந்ததா?

விலையில் உயர்ந்தது. தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு இருக்கும்; மாவுச்சத்து எங்கும் போகவில்லை. இத்தகைய உணவுக்கும் நாய்களின் இதயத்தசை வீக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் ஆராயத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று நிலைநாட்டப்படவில்லை. தானியம் ஒத்துக்கொள்ளாத நாய் என்று மருத்துவர் சொல்லாதவரை இதற்குக் காசு கொடுக்க நான் காரணம் காணவில்லை.

நாய் சொறிந்துகொண்டே இருக்கிறது. உணவை மாற்றினால் சரியாகுமா?

முதலில் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் சொறிக்கு முதல் காரணம் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும்தான். உணவு ஒவ்வாமை உண்டு. அதில் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை முன்னிற்கின்றன. விலை கூடிய பையிலும் அதே கோழிதான் இருக்கும். எனவே பை மாற்றினால் தீராது. மருத்துவர் மேற்பார்வையில் எட்டு வாரம் ஒரே வகை உணவு கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிவப்பு, பச்சை, மஞ்சள் உருண்டைகள் எதற்கு?

உங்களுக்காக. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது.

உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்யுமா?

சாதாரண உருண்டை செய்யாது. பல் பட்டதும் உடைந்துவிடும்.

பையை மாற்றும்போது வயிறு கலங்குகிறது.

ஒரே நாளில் மாற்றியிருப்பீர்கள். முதலில் கால் பங்கு புதியது, இரண்டு நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால், ஒரு வாரத்தில் முழுசும். இப்படி மாற்றியும் கலங்கினால் அந்த உணவு அந்த நாய்க்கு ஒத்துவரவில்லை. விலையைப் பார்த்து வற்புறுத்தாதீர்கள்.

அக்னி நட்சத்திரத்தில் உலர் உணவைத் தொடவே மாட்டேன் என்கிறது.

வெயிலில் எந்த நாயும் குறைவாகத்தான் தின்னும். விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் போடுங்கள். வெந்நீரில் கொஞ்சம் நனைத்தால் வாசம் கிளம்பும், தின்னும். ஆனால் நனைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள், அந்தச் சூட்டில் புளித்துவிடும். உலர் உணவில் ஈரம் பத்து சதவீதம்தான் என்பதால் தண்ணீர்ச் சட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். இரண்டு நாளாக ஒன்றும் தின்னாமல் சோர்ந்து கிடந்தால், அல்லது ஈறு வெளுத்திருந்தால், வெயிலைக் குறை சொல்லாமல் மருத்துவரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சல் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

மிஞ்சிய சொதி, பிரியாணி, அல்வா?

மூன்றும் வேண்டாம். சொதியிலும் பிரியாணியிலும் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்தாலும் அந்தக் குணம் மாறாது. அல்வாவில் நெய்யும் சர்க்கரையும். கணையம் வீங்கிப் படுத்துக்கொள்ளும் நாய்களுக்கு இப்படி ஒரு கொழுப்பு விருந்தே போதும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு ஆகியவையும் கூடாது. கல்யாண வீட்டு மறுநாள் கால்நடை மருத்துவமனை வாசலில் நிற்கும் நாய்களில் எத்தனை சூப்பர் மார்க்கெட் பையால் வந்தவை என்று கேட்டுப் பாருங்கள்.

அவசரத்துக்குப் பூனை உணவு கொடுக்கலாமா?

ஒரு வேளைக்குப் பாதகமில்லை. நாய்க்கு அது மிகவும் பிடிக்கும்; புரதமும் கொழுப்பும் அதில் கூடுதல். அதனால்தான் பூனைத் தட்டை அலமாரி மேலே வைக்கச் சொல்கிறேன்.